ஹோபி அவுட்பேக்: ஷில்ஷோல் காற்றில் சால்மன் பிடிக்கத் தாங்குமா?

சியாட்டிலில் சால்மனுக்காகக் கயாக் வாங்க நினைக்கும் நம் ஆட்கள் எல்லோரும் முதலில் கேட்பது, "எவ்வளவு வேகம் போகும், அண்ணா?" என்றுதான். வேகம் பெரிய விஷயமே இல்லை. சால்மனுக்கு இரையை இழுத்துக்கொண்டு போக மணிக்கு மூன்று, நான்கு கிலோமீட்டர் போதும். அதை எந்தக் கயாக்கும் தரும். காற்றடிக்கும்போது இரண்டு கையையும் தூண்டிலுக்குக் கொடுத்துவிட்டு, படகைச் சொன்ன இடத்தில் வைத்திருக்க முடிகிறதா என்று கேளுங்கள். ஹோபி மிராஜ் அவுட்பேக் என்ற, காலால் மிதித்து ஓட்டும் கயாக்கில் முடிகிறது. ஐம்பதைத் தாண்டி, வலது தோள்பட்டை மக்கர் பண்ணும் எனக்கு அது ஒன்றே போதுமான காரணம்.

படகைப் பற்றிச் சுருக்கமாக. நீளம் 12 அடி 9 அங்குலம், அகலம் 34 அங்குலம். மேலே உட்கார்ந்து ஓட்டும் வகை; முதுகு சாய்க்க நல்ல நாற்காலி உண்டு. காலால் பெடலை முன்னும் பின்னும் மிதித்தால், அடியில் இரண்டு ரப்பர் துடுப்புகள் பக்கவாட்டில் வீசி வீசித் தண்ணீரைத் தள்ளும். இந்த மிராஜ் டிரைவ் 1997 முதல் சந்தையில் இருக்கிறது. நான் வைத்திருப்பது 2019-இல் புதிதாக வடிவமைத்து வெளியிட்ட மாடல். ஒரு கயிற்றை இழுத்தால் துடுப்புகள் திரும்பிக்கொண்டு படகு பின்னால் போகும், இன்னொன்றை இழுத்தால் முன்னால். அடியில் கல்லோ மரத்துண்டோ தட்டினால் துடுப்பு தானாக மடிந்துகொள்ளும். சுக்கானைத் திருப்ப நாற்காலிக்குப் பக்கத்தில் கைப்பிடி இருக்கிறது. விரலால் தொட்டால் போதும். கூடத் தரும் கைத்துடுப்பை ஓரத்தில் செருகி வைத்துவிட்டு மறந்துவிடலாம். ஆனால் வீட்டில் விட்டுவிட்டு மட்டும் போகாதீர்கள்.

இப்போது இடத்துக்கு வருகிறேன், ஏனென்றால் இடத்தைச் சொல்லாமல் படகைப் பற்றிப் பேசினால் அது விளம்பரமாகிவிடும். பலார்டில் 1917-இல் திறந்த மதகுகள் இருக்கின்றன. ஊரிலிருந்து வரும் உறவினர்களை அழைத்துப்போய், மீன் ஏணியின் கண்ணாடி வழியாக சால்மன் ஏறுவதைக் காட்டுவோமே, அதே இடம். அங்கிருந்து கடலுக்குள் வந்தால் ஷில்ஷோல் விரிகுடா. தெற்கே வெஸ்ட் பாயின்ட் கலங்கரை விளக்கம், வடக்கே மெடோ பாயின்ட். மேற்கே ஒலிம்பிக் மலைகள். வடக்குப் பக்கம் மறைப்பே கிடையாது. கோடையில் காலை ஆறு மணிக்குத் தண்ணீர் அசையாமல் கிடக்கும். மதியத்துக்கு மேல் வெயில் ஏற ஏற வடக்கிலிருந்து காற்று இறங்கும். அது புஜெட் சவுண்ட் என்ற நீண்ட கடற்கழியின் நீளத்துக்கும் தடையில்லாமல் ஓடி வந்து இந்த விரிகுடாவில் அலையைக் கொண்டுவந்து கொட்டும்.

காற்றை விட மோசமானது காற்றும் நீரோட்டமும் எதிரெதிராக நிற்பது. வற்றத்தின்போது தண்ணீர் வடக்கே, கடலை நோக்கி வெளியேறுகிறது. அதே நேரத்தில் வாடைக்காற்று தெற்கே தள்ளுகிறது. இரண்டும் மோதினால் அலை நீளமாக வராது. குட்டையாக, செங்குத்தாக, அடுத்தடுத்து வரும். ஏற்றத்தின்போது அதே பத்து நாட் (மணிக்குப் பத்துக் கடல்மைல்) காற்று அடித்தாலும் பயமில்லாமல் மீன் பிடிக்கலாம். அதனால் காற்று முன்னறிவிப்பைப் பார்க்கிறவர்கள் ஓத அட்டவணையையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். இதைப் படகு விற்கிற கடையில் யாரும் சொல்ல மாட்டார்கள்.

சரி, மீன். இங்கே பிங்க் சால்மன் ஒற்றைப்படை ஆண்டுகளில்தான் கூட்டமாக வரும். 2025 அப்படி ஒரு ஆண்டு, அடுத்தது 2027. ஆகஸ்டில் டுவாமிஷ், புயாலப் ஆறுகளை நோக்கித் தெற்கே போகும் கூட்டம் இந்தப் பக்கமாகத்தான் கடக்கிறது. செப்டம்பரில் கோஹோ சால்மன். பிங்க் சின்ன மீன், இரண்டு கிலோ இருந்தால் சந்தோஷப்படலாம். அதற்கு என் ஏற்பாடு எளிமையானது: ஆறு அவுன்ஸ் ஈயம், பளபளவென்று சுழலும் பதினோரு அங்குலத் தகடு, அதற்குப் பின்னால் இரண்டடி தூண்டில் நரம்பு, நுனியில் இளஞ்சிவப்பு ரப்பர் கணவாய். தூண்டில்முள்ளில் எதிர்முள் இருக்கக்கூடாது. அது இங்கே சட்டம்.

மீன் கடித்தபிறகுதான் இந்தப் படகின் அருமை தெரிகிறது. தூண்டில் கோலின் நுனி தகட்டின் தாளத்துக்குத் தலையாட்டிக்கொண்டே இருக்கும். திடீரென்று தாளம் அறுந்து நுனி வளையும். கோலைத் தாங்கியிலிருந்து உருவுகிறேன். கைத்துடுப்புப் போடும் கயாக்காக இருந்தால், இந்தக் கணத்தில் துடுப்பை மடியில் போட வேண்டும். அந்த நொடியே காற்று மூக்கைப் பிடித்துத் திருப்பி, படகை அலைக்குக் குறுக்கே போட்டுவிடும். இதில் கால் மெதுவாக மிதித்துக்கொண்டே இருக்கிறது. மூக்கு வடக்கேயே நிற்கிறது, அலை முன்னால் வந்து பிளந்து போகிறது. எதிர்முள் இல்லாத முள் என்பதால் நரம்பு ஒரு விநாடி தளர்ந்தாலும் மீன் கழன்றுவிடும். அது படகை நோக்கி ஓடி வந்தால் இரண்டு மிதி கூட மிதித்து நரம்பைத் திரும்ப இறுக்குகிறேன். இதைக் கையால் மட்டும் சமாளிக்க வேண்டுமென்றால் ராட்டையை வெறிபிடித்ததுபோல் சுற்ற வேண்டும்.

கடைசி மூன்று மீட்டர்தான் வில்லங்கம். படகைப் பார்த்ததும் சால்மன் அடியில் புகுந்து ஓடும். கீழே இரண்டு துடுப்புகள் தொங்குகின்றன, நரம்பு அதில் சுற்றினால் மீனும் போச்சு, தகடும் போச்சு. ஒரு காலை முழுசாக முன்னால் நீட்டினால் துடுப்புகள் அடிப்பலகையோடு ஒட்டிக்கொள்ளும். புதிதாக வாங்குகிறவர்கள் மீன் இல்லாத நாளில் இதைக் கால் தானாகச் செய்கிற அளவுக்குப் பழகிவிடுங்கள். அப்புறம் கோலை ஒரு கையில் உயர்த்தி, மறு கையால் கைவலையைத் தலைப்பக்கமாக நீட்ட வேண்டும். வால் பக்கம் நீட்டினால் துள்ளி ஓடிவிடும். வைத்துக்கொள்ளக் கூடாத மீனாக இருந்தால் படகுக்குள் ஏற்றாமல் தண்ணீரிலேயே பார்த்து விட்டுவிட வேண்டும். வால் முழுக்க நீள்வட்டப் பெரிய புள்ளிகள் இருந்தால் பிங்க். வாலின் மேல்பாதியில் மட்டும் புள்ளி, ஈறு வெளுப்பு என்றால் கோஹோ. வாயின் ஈறு கறுப்பாக இருந்தால் சினூக் சால்மன். எந்த மாதம், எந்தப் பகுதியில் எதை வைத்துக்கொள்ளலாம் என்பது மாறிக்கொண்டே இருக்கும். அரசுத் துறையின் ஃபிஷ் வாஷிங்டன் செயலியைக் கிளம்பும் அன்று காலையிலும் ஒருமுறை பாருங்கள்.

படகில் வைத்தே செவுளை அறுத்து ரத்தத்தை வடித்து, ஐஸ் போட்ட பையில் வைக்க வேண்டும். பிங்க் சால்மனை மட்டமான மீன் என்று இங்கே பலர் சொல்வதற்கு, வெயிலில் போட்டு வைத்துக் குழைய விடுவதுதான் பாதிக் காரணம் என்பது என் அபிப்பிராயம். அதன் சதை மிருதுவானது. வறுவலுக்குச் சரிப்படாது, உதிர்ந்துவிடும். ஆனால் வேகவைத்து உதிர்த்து, சின்ன வெங்காயம், பூண்டு, பச்சை மிளகாய், மிளகுத்தூள் போட்டு சுறாப்புட்டு முறையில் கிளறினால் சுறாவைத் தேடவே மாட்டீர்கள். கோஹோவைத் துண்டு போட்டு வறுக்கலாம்.

இனி குறைகள். இவை இந்தக் கம்பெனிக்கு மட்டும் உரியவை இல்லை, பெடல் கயாக் எல்லாவற்றுக்கும் பொது. முதல் குறை எடை. எல்லாம் பொருத்திய அவுட்பேக் நூறு பவுண்டுக்கு மேல், அதாவது சுமார் 46 கிலோ. அதை ஒற்றை ஆளாகக் கார் கூரையில் ஏற்றுவது ஆட்டுக்கல்லைப் பரணில் ஏற்றுகிற வேலை. பலூன் சக்கரம் வைத்த வண்டி வாங்கினால் கோல்டன் கார்டன்ஸ் கடற்கரை மணலில் இழுக்கலாம். படகின் அடியில் உள்ள வடிகால் ஓட்டைகளில் வண்டியின் கம்பிகள் செருகிக்கொள்ளும். காருக்கு இழுவை வண்டி இல்லாதவர்கள், அடுக்குமாடியில் மூன்றாவது மாடியில் இருப்பவர்கள் யோசித்துச் செய்யுங்கள். இரண்டாவது, கடற்பாசி. மிதந்து வரும் நீளப் பாசி துடுப்பில் சுற்றிக்கொண்டால் மிதி கனக்கும்; டிரைவைக் கழற்றி மேலே எடுத்துப் பிடுங்கிப் போட வேண்டும். எடுப்பது எளிது. ஆனால் அந்த நேரத்தில் படகு காற்றின் கையில்தான் இருக்கும்.

கூடுதல் சாமான்களில் கஞ்சத்தனம் வேண்டாம். நான் இணையத்தில் மலிவாக ஒரு கோல் தாங்கி வாங்கினேன், கம்பெனி பெயர் வேண்டாம். ஈயமும் தகடும் சேர்ந்து இழுத்த இழுப்பில் அதன் பற்கள் நழுவி, கோல் மெதுவாகத் தண்ணீரை நோக்கிக் குனிந்தது. பிடித்துவிட்டேன். இப்போது கோலுக்கும் படகுக்கும் நடுவே கயிறு இல்லாமல் எதையும் வைப்பதில்லை.

படகை விட முக்கியமான செலவு டிரைசூட், அதாவது தண்ணீர் உள்ளே புகாத முழு உடை. கோடையிலும் இங்கே தண்ணீர் 13 டிகிரியைச் சுற்றித்தான். ஜீன்ஸ் போட்டு விழுந்தால் கொஞ்ச நேரத்தில் விரல்கள் சொன்னதைக் கேட்காது. உயிர்காப்பு அங்கி, அதில் மாட்டிய விஎச்எஃப் ரேடியோ (கடலில் உதவி கேட்கும் கையடக்க வானொலி), விசில் மூன்றும் உடம்பிலேயே இருக்க வேண்டும், படகில் அல்ல. கவிழ்ந்த படகைப் புரட்டி மேலே ஏறுவதைக் கரையோரத்தில் நண்பரோடு பழகுங்கள். 34 அங்குல அகலம் எளிதில் கவிழாது என்பது உண்மைதான். அதே அகலத்தால் புரட்டுவதும் கஷ்டம். பெரிய கன்டெய்னர் கப்பல் தூரத்தில் போய் மறைந்தபின், எல்லாம் முடிந்தது என்று நினைக்கும்போது அதன் அலை வந்து சேரும். ஓசை கேட்டால் மூக்கைத் திருப்பி வைத்துக்கொள்ளுங்கள். ஓர்கா திமிங்கிலக் கூட்டம் தெரிந்தால் ஆர்வத்தில் பக்கத்தில் போகாதீர்கள். 2025 ஜனவரி முதல் இங்கே நிரந்தரமாக வாழும் தெற்குக் கூட்டத்திடமிருந்து ஆயிரம் கஜம் தள்ளி இருக்க வேண்டும் என்று மாநிலச் சட்டம் சொல்கிறது. கயாக்குக்கும் அது பொருந்தும்.

இந்தப் படகு சுகமாக இருப்பதே ஒரு ஆபத்து என்றும் சொல்ல வேண்டும். தோள் வலித்தால் ஆள் தானாகத் திரும்பிவிடுவான். கால் வலிக்க நேரமாகும், அதற்குள் காற்று பதினைந்து நாட் தொட்டிருக்கும். காற்று தெற்கே தள்ளும்போது வெஸ்ட் பாயின்ட் வரை போவது சுலபம், ஆனால் திரும்ப வேண்டிய கரை வடக்கே இருக்கிறது. நான் வடக்கே, காற்றுக்கு எதிராகத்தான் முதலில் மிதிக்கிறேன். வெள்ளை நுரை அங்கங்கே தெரியத் தொடங்கினால், மீன் கடித்துக்கொண்டிருந்தாலும் கிளம்பிவிடுகிறேன்.

விலை மூவாயிரம் டாலருக்கு மேல். வருஷத்தில் நான்கைந்து வாரம்தான் சால்மனுக்குப் போவேன் என்பவர்கள் புதிதாக வாங்க வேண்டியதில்லை. செப்டம்பர் முடிந்ததும் பழையவை நிறைய விற்பனைக்கு வரும். பார்க்கப் போனால் மேல்பக்கப் பளபளப்பில் மயங்காமல் படகைப் புரட்டிப் போடச் சொல்லுங்கள். பின்முனையில் அடிப்பாகம் கான்கிரீட்டில் இழுத்துத் தேய்ந்திருக்கிறதா, டிரைவ் இறங்கும் குழியைச் சுற்றி மயிரிழைக் கீறல் இருக்கிறதா, துடுப்புகளின் நடுக்கம்பி வளைந்திருக்கிறதா என்று பாருங்கள். கம்பி வளைந்திருந்தால் மாற்றிக்கொள்ளலாம், பேரம் பேச அது உதவும். குழியில் கீறல் இருந்தால், எவ்வளவு குறைத்துக் கேட்டாலும் வேண்டாம்.