சென்னையின் பழைய வாரிய வீடு, இரண்டு கிரவுண்ட் மனை: வாங்கலாமா?

அண்ணா நகர், கே.கே. நகர், அசோக் நகர், பெசன்ட் நகர் என்று வீட்டுவசதி வாரியம் உருவாக்கிய பகுதிகளில் 1960களிலும் 70களிலும் கட்டிய தனி வீடுகள் இன்னும் விற்பனைக்கு வருகின்றன. கட்டியவர் காலமாகி, பிள்ளைகள் வெளியூரிலோ வெளிநாட்டிலோ இருக்கும் வீடுகளே அதிகம். அமைப்பு ஏறக்குறைய ஒன்றுதான்: தரைத்தளம் மட்டும், 9 அங்குலச் செங்கல் சுவர், கான்கிரீட் தளம், முன்னால் போர்டிகோ, பின்னால் உறைகிணறு, சுற்றிலும் தென்னையும் மாமரமும்.

குடியிருக்க வருபவரிடம் தரகர் “அந்தக் காலத்துக் கட்டடம் சார், அசைக்க முடியாது” என்பார். இடித்துக் கட்ட வருபவரிடம் “மனைக்குத்தான் விலை, கட்டடம் சும்மா வருது” என்பார். இரண்டையும் ஒதுக்கிவிட்டுக் கூரைக் கம்பியின் நிலையையும், ரோட்டைவிட வீட்டுத் தரை எவ்வளவு உயரம் என்பதையும் பாருங்கள். இந்த இரண்டும் நன்றாக இருந்தால், இன்று அதே பணத்தில் கிடைக்கும் எந்த அடுக்குமாடி ஃபிளாட்டைவிடவும் இது நல்ல வீடு. இரண்டும் கெட்டிருந்தால் மனை விலைக்கு மேல் ஒரு ரூபாயும் தர வேண்டாம். இடிக்கும் செலவையும் அதில் கழியுங்கள். மற்றப் பழுதுகள் எல்லாம் பணம் செலவழித்தால் சரியாகிவிடும்.

முதலில் கூரை. அந்தக் காலத் தளம் 4 முதல் 5 அங்குலக் கனம். கம்பிக்கு அடியில் அதை மூடியிருக்கும் கான்கிரீட், அதாவது கவர், அரை அங்குலம் இருந்தாலே பெரிது. ஐம்பது ஆண்டுகளில் காற்றிலுள்ள கரியமில வாயு உள்ளே ஊறி, கான்கிரீட்டின் காரத்தன்மையைக் குறைத்துவிடும். காரம் போனால் கம்பிக்கு இருந்த காப்பும் போய்விடும். அதன்பின் ஈரம் பட்டால் துரு ஏறும். துரு இரும்பைவிடக் கூடுதல் இடம் பிடிப்பதால் அடிப்பக்கம் நெருக்குண்டு பொரிந்து விழுகிறது. 1970களில் புழக்கத்துக்கு வந்த முறுக்குக் கம்பி, பழைய வழவழப்பான கம்பியைவிட விரைவாகத் துருப்பிடிக்கும். பெசன்ட் நகரின் கடலோரத் தெருக்களில் உப்புக் காற்றும் சேர்ந்துகொள்ளும்.

ஹாலில் நின்று நிமிர்ந்து பார்த்தால் ஒன்றும் தெரியாது. விற்பதற்கு முன் பெயின்ட் அடித்திருப்பார்கள். குளியலறைக் கூரை, சமையலறை லாஃப்டின் அடிப்பக்கம், சன்ஷேடு, போர்டிகோ தளம், மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டிக்குக் கீழுள்ள அறை ஆகிய இடங்களை டார்ச் அடித்துப் பாருங்கள். 15, 20 செ.மீ. இடைவெளியில் இணையாக ஓடும் மெல்லிய விரிசலோ பழுப்புக் கோடோ தெரிந்தால் அது கம்பி ஓடும் தடம். மூங்கில் கழியால் தட்டிக்கொண்டே போங்கள். டொக் டொக் என்று வெற்றொலி கேட்டால் அங்கே கான்கிரீட் பிரிந்துவிட்டது. ஃபால்ஸ் சீலிங் போட்டிருந்தால் ஒவ்வோர் அறையிலும் ஒரு பலகையைக் கழற்றச் சொல்லுங்கள். மறுத்தால் விலை பேசாதீர்கள்.

அடுத்து, கட்டமைப்புப் பொறியாளரை வைத்து இரண்டு மூன்று இடங்களில் உள்ளங்கை அளவுக்கு உடைத்துக் கம்பியை வெளியே தெரியச் செய்ய வேண்டும். துருவைச் சுரண்டிவிட்டு, கம்பியின் விட்டத்தை வெர்னியர் அளவுகோலில் அளந்தால் நிலைமை எண்ணில் தெரிந்துவிடும். 8 மி.மீ. கம்பி 7 மி.மீ. ஆகியிருந்தால் ஒரு மில்லிமீட்டர்தானே என்று தோன்றும். ஆனால் குறுக்குவெட்டுப் பரப்பில் 23 சதவீதம் போய்விட்டது. 6 மி.மீ. ஆகியிருந்தால் 44 சதவீதம் போயிற்று. உடைத்த புது முகத்தில் பினாப்தலின் கரைசல் தெளித்தால் காரம் மிச்சமுள்ள பகுதி ரோஜா நிறமாகும், காரம் போன பகுதி நிறம் மாறாது. நிறமற்ற பட்டை கம்பியைத் தாண்டிப் போயிருந்தால், இன்று நன்றாக இருக்கும் கம்பியும் ஈரம் பட்டால் துருப்பிடிக்கும்.

பழுதுபார்ப்பதற்கும் வரிசை உண்டு. முட்டுக் கொடுத்து, பொரிந்ததைக் கம்பியின் பின்பக்கம் வரை உடைத்து, துருவை இரும்பு பளிச்சிடும்வரை தேய்த்து, துத்தநாக பிரைமர் பூசி, தேய்ந்த இடத்தில் புதுக் கம்பி சேர்த்து, பாலிமர் கலவையால் மூட வேண்டும். பெரும்பாலான வீடுகளில் நடப்பது வேறு. விழுந்த இடத்தில் சிமென்ட் பூசிப் பட்டி பார்த்துவிடுவார்கள். உள்ளே துரு தொடரும். பூச்சு திரும்பவும் விழும். கூரையில் திட்டுத் திட்டாகப் புதுப் பூச்சு தெரிந்தால் அங்கேயே உடைத்துப் பார்க்கச் சொல்லுங்கள்.

மொட்டைமாடிக்கும் ஏறுங்கள். சுண்ணாம்பும் செங்கல் ஜல்லியும் போட்டு மேலே தட்டோடு பதித்த பழைய தளவரிசை நல்ல வேலை, வெயிலையும் தாங்கும். கேடு எங்கே வருகிறதென்றால், ஒழுகும்போது பழையதைப் பெயர்க்காமல் அதன்மேலேயே இன்னொரு வரிசை போடும்போது. 3 அங்குல ஜல்லித் தளம் நூறு சதுர அடிக்குச் சுமார் 1.3 டன் எடை. சதுர மீட்டருக்குக் கிட்டத்தட்ட 140 கிலோ. ஆட்கள் நடமாடும் மொட்டைமாடிக்குக் கணக்கில் எடுக்கும் சுமையே சதுர மீட்டருக்கு 150 கிலோதான். இரண்டாவது வரிசை அந்த இடத்தை முழுக்கத் தின்றுவிடும். கைப்பிடிச் சுவர் வழக்கமான மூன்றடிக்குப் பதில் இரண்டேகால் அடிதான் இருக்கிறதென்றால் தளம் ஏறியிருக்கிறது.

இனி பேஸ்மட்டம், அதாவது ரோட்டைவிட வீட்டுத் தரை இருக்கும் உயரம். கட்டும்போது ரோட்டிலிருந்து இரண்டு, மூன்று படி ஏறித்தான் வீட்டுக்குள் போயிருப்பார்கள். பழைய தாரைச் சுரண்டாமல் அதன்மேலேயே ரோடு போட்டுப் போட்டு, இப்போது பல வீடுகளில் வாசல் ரோட்டு மட்டத்துக்கே வந்துவிட்டது. கண்ணால் மதிப்பிட வேண்டாம். டியூப் லெவல் (நீர் நிரப்பிய தெளிவான குழாய்) பிடித்து ரோட்டின் நடுப்பகுதியையும் ஹால் தரையையும் ஒப்பிடுங்கள். தரை ஒன்றரை அடியாவது மேலே இருக்க வேண்டும். உள்ளே மண் நிரப்பித் தரையை உயர்த்தியிருக்கிறார்களா என்பதைக் கதவு, ஜன்னலுக்கு மேலே ஓடும் லிண்டல் காட்டிக்கொடுக்கும்: தரையிலிருந்து 7 அடியில் இருக்க வேண்டியது 6 அடியில் இருந்தால் ஓரடி நிரப்பியிருக்கிறார்கள்.

2015 டிசம்பரில் அடையாறு பெருகியபோது கே.கே. நகர், அசோக் நகர்ப் பகுதிகளில் தண்ணீர் புகுந்தது. 2023 மிக்ஜாம் புயலின்போது வேறு பல தெருக்கள் மூழ்கின. ஒரே பேட்டையில் ஒரு தெரு மூழ்கும், அடுத்த தெரு நனையாது. அதனால் விற்பவரைவிட முனையில் இஸ்திரி வண்டி வைத்திருப்பவரைக் கேளுங்கள். மீட்டர் பெட்டியின் அடிப்பகுதி, பின்பக்கக் கதவின் கீழ்விளிம்பு, கிணற்றுச் சுவர் ஆகியவற்றில் நீர்க்கறை பெரும்பாலும் தங்கியிருக்கும். சுவர் திடமாக இருந்தால் ஜாக்கி வைத்து வீட்டையே மூன்று நான்கு அடி தூக்கும் வேலை சென்னையில் நடக்கிறது. ஆனால் துருப்பிடித்த கூரையுள்ள வீட்டைத் தூக்குவது வீண்செலவு.

சுவர் விரிசல்களில் பயப்பட வேண்டியது சில மட்டுமே. கூரைக்குக் கீழே படுக்கைவாட்டில் ஓடும் மெல்லிய கோடு வெயிலில் தளம் விரிந்து சுருங்குவதால் வருவது, வீட்டுக்கு ஆபத்தில்லை. ஜன்னல் மூலையிலிருந்து படிக்கட்டுப்போலச் சாய்வாக இறங்குவது அஸ்திவாரம் இறங்கியதன் அடையாளம். களிமண் நிலத்தில் மழைக்கும் கோடைக்கும் இது விரிந்து மூடும். குறுக்கே கண்ணாடித் துண்டு ஒட்டித் தேதி எழுதிவைத்தால், உடைகிறதா என்று பார்த்து இன்னும் நகர்கிறதா என்று அறியலாம். பின்னால் சேர்த்துக் கட்டிய அறையின் மூட்டில் செங்குத்தாகப் பிளவு இருந்தால், சுவரைக் கோர்த்துக் கட்டவில்லை என்று அர்த்தம். அந்த அறைக்குப் பிளான் அனுமதி இருக்கிறதா என்பதையும் கேளுங்கள். மேலே மாடி எடுக்கும் எண்ணம் இருந்தால் சுவரோரம் மூன்றடிக்கு மூன்றடி குழி தோண்டி அஸ்திவாரத்தின் ஆழத்தையும் அகலத்தையும் அளந்த பிறகே முடிவு செய்யுங்கள். சுவர்தான் பாரம் தாங்குகிறது; ஹாலைப் பெரிதாக்க நடுச்சுவரை எடுக்க முடியாது.

வயரிங்கை முழுதாக மாற்றியே ஆக வேண்டும். மரப்பட்டியில் ஓடும் பழைய ஒயருக்கு எர்த் இருக்காது. மாற்றும்போது, மின்கசிவு ஏற்பட்டால் இணைப்பைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி போடுங்கள். ஜிஐ (துத்தநாகம் பூசிய இரும்பு) தண்ணீர்க் குழாய்களுக்குள் துருப் படிந்து துளை சுருங்கியிருக்கும். அதையும் மாற்ற வேண்டும். சாக்கடையில் மண் குழாய் மூட்டுகள் வழியாக வேர் புகுந்திருக்கும்; சேம்பர் மூடியைத் திறந்து, கழிப்பறையில் நீர் ஊற்றி எவ்வளவு விரைவாக வருகிறது என்று பாருங்கள். கதவு நிலைகளின் அடியை ஸ்க்ரூடிரைவரால் குத்தினால் கரையான் இருப்பது தெரியும்; தேக்கு என்றால் பெரும்பாலும் தப்பியிருக்கும். மொசைக் தரையைப் பெயர்க்கவே பெயர்க்காதீர்கள். பாலிஷ் போட்டால் புதிதுபோல ஆகும், அதன் குளிர்ச்சி விட்ரிஃபைட் டைல்ஸில் வராது.

மனைக்கு வருவோம். ஒரு கிரவுண்ட் 2,400 சதுர அடி. இரண்டு கிரவுண்டில் 2.0 தளப்பரப்புக் குறியீட்டின்படி, அதாவது மனைப் பரப்பின் இரண்டு மடங்கு, 9,600 சதுர அடி கட்டலாம்; நிற்கும் வீடோ 1,800 சதுர அடி இருக்கும். பில்டர்கள் போட்டி போடுவது அந்த வித்தியாசத்துக்காகத்தான். கூடுதல் கட்டணம் கட்டிப் பெறும் பிரீமியம் பரப்பு ரோட்டின் அகலத்தைப் பொறுத்தது: 9 மீட்டருக்கு 30 சதவீதம், 12 மீட்டருக்கு 40, 18 மீட்டருக்கு 50. “முப்பது அடி ரோடு” என்று சொல்லப்படுவது அளந்தால் 28 அடியாக இருக்கலாம். 9 மீட்டர் என்பது 29.5 அடி. அந்த ஒன்றரை அடியில் விலையே மாறும். 40க்கு 120 மனையும் 60க்கு 80 மனையும் ஒரே பரப்புதான், ஆனால் பக்கவாட்டில் இடம் விட்டபின் முதலாவதில் நல்ல பிளான் வருவது கடினம். நான்கு பக்கத்தோடு இரண்டு மூலைவிட்டங்களையும் டேப்பால் அளந்து, பத்திரம், நகர நில அளவைப் பதிவேட்டு நகல் இரண்டோடும் ஒப்பிடுங்கள். காம்பவுண்டு சுவர் எல்லைக்கோட்டில்தான் நிற்கிறது என்று எடுத்துக்கொள்ள வேண்டாம்.

பத்திரத்தில் இவ்வகை வீடுகளுக்கென்றே சில சிக்கல்கள் உண்டு. வாரியத்தின் ஒதுக்கீட்டு ஆணையும் தவணை ரசீதுகளும் இருக்கும், கிரயப் பத்திரம் மட்டும் வாங்காமலே விட்டிருப்பார்கள். அப்படியானால் வாரிசுகள் பெயர் மாற்றி, வாரியத்திடம் பத்திரம் பெற்ற பிறகுதான் விற்க முடியும். இணையத்தில் வில்லங்கச் சான்று பெரும்பாலும் 1975 முதல்தான் கிடைக்கும். அதற்கு முந்தையதைச் சார்பதிவாளர் அலுவலகத்தில் மனுப்போட்டு வாங்க வேண்டும். பெரிய மனை என்பதால் 1978 நகர்ப்புற நில உச்சவரம்புச் சட்டத்தின்கீழ் நடவடிக்கை இருந்ததா என்றும் பாருங்கள். சட்டம் 1999இல் நீக்கப்பட்டாலும் அதற்குமுன் அரசு கையகப்படுத்திய நிலம் திரும்பி வராது.

தந்தை உயில் எழுதாமல் இறந்திருந்தால், அவர் சுயமாகச் சம்பாதித்த இந்துக் குடும்பச் சொத்தில் மனைவி, மகன்கள், மகள்கள், உயிரோடிருந்தால் அவருடைய தாய் என எல்லாருக்கும் சம பங்கு. ஒருவர் கையெழுத்து குறைந்தாலும் முன்பணம் தர வேண்டாம். வெளிநாட்டில் இருப்பவர் அனுப்பும் பவர் பத்திரத்துக்கு, அது இந்தியா வந்த மூன்று மாதத்துக்குள் முத்திரைத்தீர்வை செலுத்தியிருக்க வேண்டும். 50 லட்சத்துக்கு மேற்பட்ட விற்பனையில் உள்ளூர்வாசிக்கு 1 சதவீதம் வரி பிடித்தால் போதும். வெளிநாட்டுவாழ் இந்தியருக்குப் பிடித்தம் மிக அதிகம், பிடிக்கத் தவறினால் வருமான வரித்துறை வாங்கியவரிடம்தான் கேட்கும். பதிவுச் செலவு முத்திரைத்தீர்வை 7, பதிவுக் கட்டணம் 2 என 9 சதவீதம். கூரைப் பழுது, வயரிங், குழாய் மூன்றுக்கும் எழுத்தில் எஸ்டிமேட் வாங்கி, இந்த 9 சதவீதத்தையும் சேர்த்து, மொத்தத்தைக் கையில் வைத்துக்கொண்டு விலை பேச உட்காருங்கள்.