முன்மொழிவுகளை ரெப்போவிலேயே நடத்துவது: நெடுநாள் பயன்பாட்டில் தெரிந்தவை

திறந்த மூல மென்பொருள் திட்டத்தில் பெரிய மாற்றங்களை இஷ்யூவிலேயே (பிழைகளையும் கோரிக்கைகளையும் பதியும் இழையிலேயே) பேசி முடிக்கும் பழக்கம், பராமரிப்பாளர்கள் இரண்டு மூன்று பேராக இருக்கும்வரை சரிப்படும். ஆட்கள் பெருகினால், ஒவ்வொரு மாற்றத்தின் முன்மொழிவுக்கும் ஒரு கோப்பு, அதை ரெப்போவில் (நிரலைச் சேமிக்கும் களஞ்சியத்தில்) வைத்து விவாதிப்பது என்ற முறைக்கு வந்தாக வேண்டும். பைதான் மொழியின் பெப் (2000), ரஸ்ட் மொழியின் ஆர்எஃப்சி (2014), கன்டெய்னர்களை நிர்வகிக்கும் குபெர்னெட்டீஸின் கெப் என்று அவரவர் முன்மொழிவுக்கு ஒரு பெயர், மூன்றும் இந்த வகைதான். டெம்ப்ளேட் சுமாராக இருந்தாலும் வேலை ஓடிவிடும். யார், எப்போது, எப்படி முடிவெடுப்பார்கள் என்று எழுதி வைக்காவிட்டால்தான் தேங்கும்.

முதலில் முன்மொழிவின் எண். "கடைசி எண்ணோடு ஒன்றைக் கூட்டிக்கொள்ளுங்கள்" என்று விட்டால் இருவர் ஒரே எண்ணோடு வந்து நிற்பார்கள். ரஸ்ட் வழி எளிது: கோப்பை 0000 என்று தொடங்கி அனுப்பு, புல் ரிக்வெஸ்டுக்கு (மாற்றத்தைச் சேர்க்கக் கேட்கும் கோரிக்கைக்கு) கிடைக்கும் எண்ணையே பிறகு சூட்டு. எண்கள் நடுவில் தாவும். அதனால் ஒரு கெடுதலும் இல்லை.

முடிவு விதிக்கு வருவோம். ரஸ்டில் குழு உறுப்பினர் ஒருவர் பாட் எனும் தானியங்கி நிரலுக்குக் கட்டளை கொடுத்து, ஏற்கலாம், மூடலாம் அல்லது தள்ளிவைக்கலாம் என்று முன்வைக்கிறார். உறுப்பினர் பெயர்களோடு டிக் பெட்டிகள் வரும். பெரும்பான்மையினர் டிக் செய்து, டிக் செய்யாதவர்கள் அதிகபட்சம் இருவராக இருந்து, தீராத ஆட்சேபம் எதுவும் இல்லை என்றால், 10 நாள் இறுதிக் கருத்துக் காலம் தொடங்கும். ஆட்சேபத்துக்கு ஒரு பெயர் வைத்துப் பதிவு செய்ய வேண்டும் என்பதுதான் இதில் மிகப் பயனுள்ள பகுதி. "எனக்குச் சரியாகப் படவில்லை" என்ற முனகல் எதையும் தடுக்காது, பெயரிட்ட ஆட்சேபம் தடுக்கும். இருவர் விலக்கு இருப்பதும் காரணத்தோடுதான்: யாராவது ஒருவர் காணாமல் போய்விடுவது எல்லாக் குழுவிலும் நடக்கும். மூன்று பேர் குழுவில் பெரும்பான்மை நிபந்தனையை விட்டுவிட்டு இருவர் விலக்கை மட்டும் காப்பியடித்தால் ஒருவரே முடிவெடுத்தது போலாகிவிடும். அங்கே விலக்கு ஒருவருக்கு மேல் வேண்டாம்.

முடிவெடுப்பவர் ஒரே ஆளாக இருந்தால் வேகம் உண்டு, சுமையும் அவர் தலையில்தான். கோவைக்குள்ளேயே மதிப்பைச் சூட்டும் := குறியைக் கொண்டுவந்த பெப் 572 சர்ச்சைக்குப் பிறகு, 2018-இல் பைதானை உருவாக்கிய கைடோ வான் ரோசம் இறுதி முடிவெடுக்கும் பொறுப்பை விட்டார். இப்போது ஐவர் கொண்ட வழிநடத்தும் குழு பார்க்கிறது. அந்தக் குழுவும் எல்லாவற்றையும் தானே முடிவு செய்வதில்லை, விஷயம் தெரிந்த ஒருவரைப் பிரதிநிதியாக நியமிக்கலாம். இந்தப் பிரதிநிதி முறையைச் சின்னத் திட்டங்களும் தைரியமாக எடுத்துக்கொள்ளலாம்.

ஏற்பதோடு கதை முடிவதில்லை. டைப் குறிப்புகளை உடனே கணக்கிடாமல் உரையாகவே வைக்கச் சொன்ன பெப் 563 ஏற்கப்பட்டது. அந்த நடத்தை பைதான் 3.10-இல் இயல்பாகவே வரவிருந்தது. இயக்க நேரத்தில் டைப் குறிப்புகளைப் படிக்கும் நூலகங்கள் உடையும் என்று தெரிந்ததால், வெளியீட்டுக்குச் சில மாதம் முன்பு, 2021-இல், நிறுத்தினார்கள். இதற்குத்தான் கெப் முறையின் ஆல்ஃபா, பீட்டா, நிலைத்தது என்ற படிகள். ஒவ்வொரு படிக்கும் தேர்ச்சி நிபந்தனையை முன்கூட்டியே எழுத வேண்டும். அம்சத்தை எப்படி அணைப்பது, பழைய பதிப்புக்குத் திரும்பினால் என்ன ஆகும் என்ற கேள்விகளுக்கும் பதில் வேண்டும். எழுதுபவருக்கு எரிச்சல்தான், ஆனால் அந்தக் கேள்விகளை விடாதீர்கள். முன்மொழிவு எந்த நிலையில் இருக்கிறது என்ற குறிப்பைக் கோப்பின் தலைப்பிலேயே வைத்து, தவறான மதிப்பு வந்தால் சிஐ (மாற்றங்களைத் தானாகச் சோதிக்கும் அமைப்பு) தோற்கும்படி செய்தால் பட்டியல் பொய் சொல்லாது.

டெம்ப்ளேட்டில் ஒரே ஒரு பகுதியைக் கட்டாயமாக்கலாம் என்றால், நிராகரித்த யோசனைகள். அது காலியாக இருந்தால் அதே யோசனை புதிய ஆளோடு திரும்பி வரும், அதே வாதம் மறுபடி நடக்கும்.

விவாதம் நடக்கும்போது ஃபோர்ஸ் புஷ் (முந்தைய கமிட்டுகளை மாற்றி மேலெழுதுவது) கூடாது. வரிக் கருத்துகள் பழையவை என்று மடங்கிப் போகும், எதற்குப் பதில் எழுதினோம் என்றே புரியாது. திருத்தங்களைப் புதிய கமிட்டாகச் சேர்த்துப் போய், மெர்ஜ் செய்யும்போது ஸ்குவாஷ் செய்தால் (ஒரே கமிட்டாகச் சுருக்கினால்) போதும். அசைவில்லாத இஷ்யூக்களை மூடும் பாட் நிரலை முன்மொழிவுகள் பக்கம் விடவே கூடாது. மௌனத்தை நிராகரிப்பாகப் பதிவு செய்துவிடும். தள்ளிவைத்தது என்ற நிலையை, காரணத்தோடு, ஒரு மனிதர்தான் போட வேண்டும்.

எது முன்மொழிவு ஆக வேண்டும் என்ற எல்லையையும் பங்களிப்பு வழிகாட்டியில் எழுதிவிடுங்கள். பொது ஏபிஐ (பிற நிரல்கள் பயன்படுத்தும் இடைமுகம்) மாற்றம், கோப்பு வடிவ மாற்றம், இயல்பு மதிப்பு மாற்றம் இருந்தால் முன்மொழிவு. பிழைத்திருத்தமும் ஆவணத் திருத்தமும் என்றால் நேரே புல் ரிக்வெஸ்ட். இது இல்லாத இடத்தில்தான், நிரலை முழுக்க எழுதி அனுப்பியவரிடம் "முதலில் முன்மொழிவு எழுதுங்கள்" என்று சொல்ல நேர்கிறது. அவர் பெரும்பாலும் திரும்பி வருவதில்லை.