பலகை வீட்டில் 14 வருடம்: சுவருக்குள் வைக்காமல் விட்ட ஒரு துண்டு மரம்

போன கிழமை ஒன்றுவிட்ட தம்பி அழைத்தான். கனடாவில், ரொறன்ரோவுக்குப் பக்கத்து பிராம்டன் நகரில் புதிதாகக் கட்டுகிற வீடொன்றை வாங்க யோசிக்கிறான், மாதிரி வீட்டைப் போய்ப் பார்த்திருக்கிறான். "அண்ணை, சுவரைத் தட்டிப் பாத்தன், தகரப் பேணி மாதிரிக் கேக்குது. இந்தப் பலகை வீட்டுக்கோ இவ்வளவு காசு?" என்றான். யாழ்ப்பாணத்தில் கல்வீட்டில் வளர்ந்தவர்களுக்கு முதலில் வருகிற கேள்வி இதுதான். பக்கத்து மார்க்கம் நகரில் இந்த வீட்டுக்கு வந்தபோது எனக்கும் வந்தது. ஆனால் அவன் கேட்ட நேரம், எங்கள் குளியலறைச் சுவரைத் திறந்து மூடிய தூசி இன்னும் அடங்கவில்லை. அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

வெளியே தெரிகிற செங்கல் வீட்டைத் தாங்குவதில்லை. அது ஒற்றை வரிச் செங்கல், வெயிலுக்கும் மழைக்கும் போட்ட சட்டை. கூரையையும் மாடியையும் தாங்குவது அதற்குப் பின்னால் 16 இஞ்சிக்கு ஒன்றாக நிற்கிற மரங்கள். இங்கே எல்லோரும் ஸ்டட் என்போம். உட்சுவரில் டூ பை ஃபோர், எங்கள் வெளிச்சுவரில் டூ பை சிக்ஸ். பெயரில்தான் இரண்டும் நாலும், சீவிக் காய்ந்து கடைக்கு வரும்போது அது ஒன்றரைக்கு மூன்றரை இஞ்சி. ஸ்டட்களின் காலடியில் ஒரு கிடைமரம், தலையில் இரண்டு. வெளிச்சுவரில் இடைவெளியெல்லாம் கண்ணாடி இழைப் பஞ்சு, அதன்மேல் பிளாஸ்டிக் தாள், அதற்கும் மேல் அரை இஞ்சி டிரைவோல், அதாவது இரு பக்கமும் காகிதம் ஒட்டிய ஜிப்சம் பலகை. தம்பி தட்டியது அந்த டிரைவோலை. ஓசை அடைபடுகிற இடத்தில்தான் மரம் நிற்கிறது.

இந்த முறையை நான் மனதாரப் பாராட்டுகிறேன். வெளியே மைனஸ் 20 இருக்கும், உள்ளே சுவரோடு சாய்ந்து உட்காரலாம். மகளின் அறைக்கு ஒரு பிளக் கூடுதலாகத் தேவைப்பட்டது. ஊரில் என்றால் சுவரை உளியால் கொத்தி, குழாய் புதைத்து, சீமெந்து பூசிக் காயவிட்டு, அப்புறம் வெள்ளையடிக்க வேண்டும். இங்கே மின்வேலைக்காரர் டிரைவோலில் ஒரு சதுரம் வெட்டி, ஸ்டட்டில் துளையிட்டு வயரை இழுத்து, பின்னேரத் தேநீருக்கு முன் வேலையை முடித்துவிட்டார். மாரியில் நடுச்சாமத்தில் எங்கேயோ டக் என்று ஒரு சத்தம் வரும். மேல்மாடியில் தண்ணீர் திறந்தால் சாப்பாட்டு மேசையில் கேட்கும். இவையெல்லாம் பழகிப் போகிற விஷயங்கள்.

பழகாதது ஒன்று. இந்த வீட்டில் பாரமான எதையும் நான் நினைத்த இடத்தில் மாட்ட முடியாது. ஸ்டட் நிற்கிற இடத்தில்தான் மாட்டலாம். எங்கள் சாமித்தட்டு சுவரின் நடுவில் இல்லை, ஏழு இஞ்சி இடப்பக்கம் தள்ளி இருக்கிறது. காந்தத்தை வைத்து ஸ்டட்டைத் தேடினால் டிரைவோல் திருகாணியில் ஒட்டும். சில இடங்களில், வயரையும் குழாயையும் ஆணி துளைக்காமல் இருக்க அடித்த இரும்புத் தகட்டில் ஒட்டும். அந்த இடத்தில் துளையிடவே கூடாது.

சாமித்தட்டோடு போயிருந்தால் இதை எழுதியிருக்க மாட்டேன். பங்குனியில் அம்மா குளியல் தொட்டியிலிருந்து எழும்பும்போது துவாய்க் கம்பியைப் பிடித்தார். அது வெறும் டிரைவோலில் பிளாஸ்டிக் பூண் வைத்துப் பூட்டிய கம்பி. சுவரோடு கழன்று அவர் கையோடு வந்துவிட்டது. முழங்கையில் அடி.

மறுநாளே நல்ல கைப்பிடி ஒன்று வாங்கிவந்தேன். அதை நிமிர்த்திப் பூட்ட வேண்டும். அதன் தட்டில் மூன்று துளை, ஸ்டட்டின் முகமோ ஒன்றரை இஞ்சி. எப்படித் திருப்பி வைத்தாலும் இரண்டு திருகாணிதான் மரத்தில் இறங்கும், மூன்றாவது காற்றில் நிற்கும். அம்மாவின் முழுப் பாரத்தையும் அதை நம்பி விடமுடியுமா?

இதற்குத் தீர்வு கட்டும்போதே இருக்கிறது. இரண்டு ஸ்டட்டுக்கு நடுவே பதினாலரை இஞ்சி நீளத்தில் ஒரு துண்டு டூ பை டென்னைக் குறுக்கே வைத்து அடிப்பது. பிளாக்கிங் என்பார்கள். டிரைவோல் ஏறுவதற்கு முன் ஒரு தொட்டிக்கு அரைமணி வேலை. வீடு எழும்புகிற இடத்தில் வெட்டி எறிந்த துண்டுகளே குவிந்து கிடக்கும், புது மரம்கூட வேண்டாம். இன்று எங்கள் மாகாணமான ஒன்ராறியோவின் கட்டட விதிகளில், புது வீட்டின் பிரதான குளியலறைச் சுவருக்குள், பின்னாளில் கைப்பிடி பூட்டுவதற்காக இந்த வலுவூட்டல் இருக்கவேண்டும் என்று இருக்கிறது. எங்கள் வீடு அதற்கு முந்தியது. ஆகவே கட்டியவர் விதி எதையும் மீறவில்லை. நியாயமாகப் பார்த்தால் நான் அந்த இடத்தில் நிறுத்தவேண்டும். என்னால் முடியவில்லை. இந்த வீட்டில் ஒரு நாள் வயதானவர் ஒருவர் குளிப்பார் என்று யோசிக்க விதி எதற்கு?

வேலைக்கு வந்தவர் கெட்டிக்காரர். ஓடுகளை உடைக்கவில்லை. சுவரின் மறுபக்கம் படுக்கையறை அலுமாரி. அதற்குள்ளிருந்து டிரைவோலை வெட்டி எடுத்து, மூன்று துண்டு டூ பை டென்னைக் குளியலறைப் பக்கம் ஒட்ட வைத்து, இரு முனையையும் ஸ்டட்டோடு முடுக்கினார். பிறகு ஓட்டில் துளைபோட்டுக் கைப்பிடியை அதில் இறுக்கினார். நான் என் முழுப் பாரத்தையும் கொடுத்துத் தொங்கிப் பார்த்தேன், அசையவில்லை. மரத்துக்கு ஒரு எட்டடிப் பலகை போதுமாக இருந்தது. திறந்து, மூடி, பூசி, நிறம் அடித்து முடிய 1,150 டொலர்.

கல்வீட்டில் இந்தக் கைப்பிடி எந்த இடத்திலும் நின்றிருக்கும். ஆனால் கல்வீட்டில் இப்படிப் பின்பக்கத்தால் திறந்து திருத்தியிருக்கவும் முடியாது. இரண்டும் எனக்குத் தெரியும். மரச்சட்டகத்துக்கு மட்டும் கேட்டால் ஐந்துக்கு நாலரை கொடுப்பேன். அம்மாவின் முழங்கை இன்னும் முழுதாக மடங்கவில்லை, அதனால் இன்றைக்கு இந்த வீட்டுக்கு இரண்டுதான்.

தம்பிக்கு வாங்கு என்றுதான் சொன்னேன். சுவரை மூடுவதற்கு முன் உள்ளே விடுவார்களா என்று கேட்கச் சொன்னேன். விட்டால் ஒவ்வொரு சுவரிலும் அளவு நாடாவைப் பிடித்துப் படம் எடுத்து வைக்க வேண்டும். தொட்டிச் சுவரை விதியே பார்த்துக்கொள்ளும் என்று விட்டுவிடாமல் கண்ணால் பார்க்க வேண்டும். ரிவி, சாமித்தட்டு, மாடிப்படிக் கைப்பிடி வரும் இடங்களிலும் பிளாக்கிங் வைக்கச் சொல்லி எழுத்தில் கேட்க வேண்டும், காசு கேட்டாலும் கொடுக்கலாம். "சாமித்தட்டுக்குமோ?" என்றான். ஓம், அதற்கும்தான்.

வரும் சனிக்கிழமை அந்த வேலைக்காரர் திரும்ப வருகிறார். கழிவறை இருக்கைக்குப் பக்கத்துச் சுவரும் திறக்கவேண்டியிருக்கிறது.