நானோ துகளின் காந்தத்தைப் படமெடுக்கும் சேவை: ஒரு பயனரின் மதிப்பீடு

மேக்னடைட் என்னும் காந்த இரும்பு ஆக்சைடின் நானோ துகள்களின் காந்தப் பண்பை அறிவதற்காக, எலக்ட்ரான் ஹாலோகிராபி வசதியுள்ள ஓர் ஆய்வு மையத்திற்குக் கட்டணம் செலுத்தி இரண்டு மாதிரிகளை அனுப்பியிருந்தேன். ஒன்றில் துகள்களின் விட்டம் ஏறத்தாழ 50 நானோமீட்டர், மற்றொன்றில் 20. முதல் மாதிரிக்குக் கிடைத்த முடிவு செலவழித்த பணத்துக்குத் தகும். இரண்டாவதைப் பற்றி அவ்வாறு சொல்வதற்கில்லை.

சாதாரணக் காந்தமானி கோடிக்கணக்கான துகள்களின் கூட்டு விளைவையே அளக்கும். ஹாலோகிராபியோ தனித் துகளையே காட்டும். அதில், மாதிரியின் ஊடே வந்த எலக்ட்ரான் அலையும் வெற்றிடத்தில் வந்த அலையும் மின்னேற்றப்பட்ட மெல்லிய இழையொன்றால் வளைக்கப்பட்டு ஒன்றின்மேல் ஒன்று படிய, அங்கு எழும் குறுக்கீட்டு வரிகளிலிருந்து கட்ட மாற்றம், அதாவது ஓர் அலை மற்றதைவிட எவ்வளவு முந்தியோ பிந்தியோ வந்தது என்பது, கணக்கிடப்படுகிறது. காந்தப்பாயம் அலையின் கட்டத்தில் பதிவாகிறது என்பதை ஹிட்டாச்சியின் அகிரா டோனோமுரா குழுவினர் 1986இல் வளையக் காந்தத்தைக் கொண்டு நிறுவினர். என் 50 நானோமீட்டர் துகள்களில், பாயக்கோடுகள் சங்கிலியில் துகளுக்குத் துகள் தொடர்ந்து ஓடியதும், துகள்கள் வளையமாகச் சேர்ந்த இடத்தில் தமக்குள்ளேயே சுழன்று மூடிக்கொண்டதும் தெளிவாகத் தெரிந்தன. நுண்ணோக்கியில் மாதிரியைச் சூழ்ந்திருக்கும் முதன்மைக் காந்த வில்லையான பொருள்வில்லை ஏறத்தாழ 2 டெஸ்லா புலத்தால் எல்லாத் துகள்களையும் ஒரே திசைக்கு இழுத்துவிடும் என்பதால், அதை அணைத்துவிட்டு மாதிரியில் காந்தப்புலம் படியாத லோரன்ஸ் வில்லையைக் கொண்டே படமெடுத்திருந்தனர். இதில் குறை காண இடமில்லை.

சிக்கல் சிறிய துகள்களில் வந்தது. துகளின் உள் மின்னழுத்தமும் கட்டத்தை மாற்றுகிறது. 300 கிலோவோல்ட்டில் 50 நானோமீட்டர் துகளுக்கு அதன் பங்கு சுமார் 5 ரேடியன், காந்தத்தின் பங்கு சுமார் 1 ரேடியன். விட்டம் குறையும்போது முன்னது விட்டத்தின் விகிதத்திலும் பின்னது விட்டத்தின் இருமடியிலும் குறைவதால், 20 நானோமீட்டரில் காந்தத்துக்கு எஞ்சுவது ஏறத்தாழ 0.2 ரேடியன்தான். மாதிரியைச் சாய்த்து, பொருள்வில்லையைச் சற்றே இயக்கி, காந்தத் திசையைத் திருப்பி மறுபடி படமெடுத்துக் கழித்தாலன்றி இரண்டையும் பிரிக்க முடியாது. முதல் அறிக்கையில் அக்கழித்தலே இல்லை. கண்ணைப் பறிக்கும் வண்ணங்கள் மட்டும் இருந்தன.

கேட்ட பிறகு மீண்டும் செய்து தந்தனர். ஆனால் துகள்களின் மேலிருந்த ஒலிக் அமிலப் பூச்சு எலக்ட்ரான் கற்றையில் கரியாகப் படிந்து, இருந்த சிறு சமிக்ஞையையும் இரைச்சலில் மூழ்கடித்துவிட்டது. மேலும், இந்த அளவுள்ள தனித் துகள்களில் காந்தத் திசை அறை வெப்பநிலையில் ஓயாது புரளும் என்பதால், மாதிரியைக் குளிரூட்டும் தாங்கி இன்றி இதை ஏற்றிருக்கவே கூடாது. பணம் பெறும் முன்பே அதை அவர்கள் சொல்லியிருக்க வேண்டும்.

30 நானோமீட்டருக்கு மேற்பட்ட துகள்களுக்கு இச்சேவையைத் தயங்காமல் பரிந்துரைக்கிறேன். வண்ணப் படங்களோடு குறுக்கீட்டு வரிகள் பதிந்த மூல ஹாலோகிராம்களையும் கேட்டு வாங்குங்கள். கேட்காதவரை எனக்கு அவை வரவில்லை.