கடற்கரைக்கு ஒயர் கூடை: பல வருஷம் பயன்படுத்திய அனுபவம்

ஒரு நாள் முழுக்கக் கடற்கரையில் இருக்கப் போகிறோம், எந்தப் பையை எடுத்துப்போவது என்று கேட்பவர்களிடம் நான் சொல்வது ஒயர் கூடையைத்தான். காய்கறி வாங்கவும் கோயிலுக்குத் தேங்காய் பழம் கொண்டுபோகவும் எல்லார் வீட்டிலும் ஒன்று தொங்குமே, அதேதான். எங்கள் வீட்டில் இருப்பது அத்தை மூன்று கட்டு ஒயரில் பின்னிக் கொடுத்தது. கித்தான் பை, ஜிப் வைத்த தோள்பை எல்லாம் வந்து போய்விட்டன, கூடை மட்டும் நிலைத்துவிட்டது.

நாங்கள் தாம்பரம் பக்கம் இருக்கிறோம். அம்மா, மனைவி, இரண்டு பிள்ளைகளோடு பெரும்பாலும் போவது கோவளம். சுத்தமும் பாதுகாப்பும் உள்ள கடற்கரைகளுக்குத் தரும் சர்வதேச நீலக்கொடிச் சான்று 2021இல் கிடைத்த கடற்கரை, கழிப்பறை, உடை மாற்றும் அறை, நல்ல தண்ணீரில் குளிக்க ஷவர் எல்லாம் இருப்பதால் பெரியவர்களையும் தைரியமாகக் கூட்டிப்போகலாம். மெரினாவுக்கு மாலையில் காற்று வாங்கப் போவதோடு சரி. அங்கே கடல் சட்டென்று ஆழமாகிவிடும், இழுப்பும் அதிகம், பிள்ளைகளை இறக்க எனக்கு மனசு வராது.

சரி, கூடை ஏன்? மணல்தான் காரணம். துணிப்பையில் மணல் போனால் தையல் ஓரத்தில் போய் உட்கார்ந்துகொள்ளும், என்ன உதறினாலும் வராது, அடுத்த வாரம் அதே பையில் வேறு எதையாவது எடுத்துப்போனால் அதிலும் நறநறக்கும். அதைவிட மோசம் உப்பு. கடல் உப்பு காற்றில் இருக்கும் ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும் என்பதால், அலசாமல் காயவைத்த பை வெயிலில் காய்ந்தது போலத் தெரிந்தாலும் ராத்திரிக்கு மறுபடி பிசுபிசுக்கும், பிறகு பூஞ்சை வாடை வந்துவிடும். ஜிப்பின் உலோக இழுவை பச்சையும் வெள்ளையுமாகப் பூத்து ஒருநாள் நகரவே நகராது. கூடையில் தையலும் கிடையாது, ஜிப்பும் கிடையாது. முடிச்சுகளுக்கு நடுவே இருக்கும் சின்ன இடைவெளி வழியாக மணல் தானாகவே கீழே கொட்டிக்கொண்டு வரும். வீட்டுக்கு வந்ததும் ஒரு பக்கெட் தண்ணீரில் இரண்டு முறை முக்கி எடுத்துக் கொடியில் மாட்டினால் வேலை முடிந்தது. ஒரு விஷயம், நெல்லிக்காய் முடிச்சுப் போட்ட கூடை பார்க்க அழகாக இருந்தாலும் அந்தப் புடைப்புகளுக்குள் மணல் தங்கும், கடலுக்குச் சாதாரண முடிச்சுதான் நல்லது.

இத்தனை வருஷத்தில் கூடைக்கு என்ன ஆனது என்றும் சொல்ல வேண்டும். வெயில் படும் பக்கம் சிவப்பு ஒயர் வெளுத்து ரோஸ் நிறமாகிவிட்டது, ஒயரும் கொஞ்சம் விறைத்திருக்கிறது. ஆனால் ஒரு முடிச்சுகூட அவிழவில்லை. கைப்பிடி மட்டும் ஒருமுறை வெடித்து, அத்தையே வேறு ஒயர் போட்டுக் கட்டிக் கொடுத்தார். கைப்பிடிதான் இந்தக் கூடையின் பலவீனமும். கனம் ஏறினால் விரலை அறுக்கும், வண்டி நிறுத்தும் இடத்திலிருந்து மணலில் நடக்கும் தூரம் அதிகமென்றால் இது பெரிய தொந்தரவு. ஒரு சாண் நீளம் பிளாஸ்டிக் டியூபைக் கீறி அதன்மேல் மாட்டியிருக்கிறேன், இப்போது பரவாயில்லை. இன்னொரு குறை, மூடி இல்லை. கடற்கரைக் காகம் திறந்த பையை விட்டுவைக்காது, நாயும் வரும். ஒரு துண்டை மேலே போட்டு இரண்டு கைப்பிடியோடும் சேர்த்து முடிந்துவிடுங்கள்.

துண்டு என்றதும் அம்மாவின் பேச்சு நினைவுக்கு வருகிறது. நான் பெரிய டர்க்கி டவல்களை அடுக்கிக்கொண்டிருந்தபோது, "ஏன்டா இம்புட்டு கனத்தைத் தூக்கிட்டுப் போற, ஈரிழைத் துண்டு நாலு எடுத்துக்கோ, பிழிஞ்சு போட்டா அரை மணியில காஞ்சிடும்" என்றார். உண்மையிலேயே அப்படித்தான் காய்கிறது. டர்க்கி டவலின் பூப்போன்ற நூலுக்குள் மணல் புகுந்துகொள்ளும், தண்ணீர் குடித்தால் ஒவ்வொன்றும் கல்லாகக் கனக்கும். ஈரிழைத் துண்டை ஒரு உதறு உதறினால் மணல் போய்விடும். தலை துவட்ட, தோளில் போட, பாத்திரத்தை மூட, கூடையைக் கட்ட என்று எல்லாவற்றுக்கும் அதுதான். விரிக்கப் பழைய நூல் புடவை ஒன்று போதும், நான்கு பேர் தாராளமாக உட்காரலாம்.

கூடை நனையும் என்பதால் போன், பணம், கார் சாவிக்கு மட்டும் தனி ஏற்பாடு வேண்டும். ரிமோட் உள்ள சாவியில் உப்புத் தண்ணீர் போனால் செலவு பெரிது. மேல்வாயைச் சுருட்டிக் கொக்கி போடும் நீர்புகாப் பை, பத்து லிட்டர் அளவில் ஒன்று வைத்திருக்கிறேன். மூன்று சுற்றாவது சுருட்டினால்தான் தண்ணீர் உள்ளே போகாது. முதலில் இருந்தது மெல்லிய நைலான் துணியில் உள்பக்கம் பூச்சு கொடுத்த ரகம். நம் ஊர்ப் புழுக்கத்தில் மடித்தே வைத்திருந்ததில் பூச்சு பிசுக்காகி உரிந்துவிட்டது. இப்போது இருப்பது தார்ப்பாய் போன்ற கெட்டியான பிவிசி ரகம், கனம் கொஞ்சம் கூடுதல்தான், உழைப்பில் அதற்கு ஈடில்லை. கழுத்தில் தொங்கவிடும் போன் உறையை நான் பரிந்துரைக்க மாட்டேன். உறைமேல் உப்புத் தண்ணீர் பட்டால் தொடுதிரை நம் விரலைக் கேட்பதே இல்லை, உள்ளே ஆவி படிந்து படமும் மங்கலாக விழும்.

அடுக்கும் வரிசைக்கு வருகிறேன். கடைசியில் தேவைப்படும் மாற்றுத் துணி அடியில், அதுவும் போர்வை வாங்கும்போது வரும் ஜிப் வைத்த பிளாஸ்டிக் உறைக்குள். திரும்பும்போது அதே உறையில் ஈரத்துணி போய்விடும், கேரிபேக் தேடி அலைய வேண்டாம். அப்புறம் சாப்பாடு. புளியோதரைதான் வெயிலுக்குத் தாங்கும், தயிர்சாதம் மதியத்துக்குள் புளித்துவிடும். மூடி இறுக்கமாக இருக்கும் எவர்சில்வர் டப்பாவில் வைத்தால் மணல் விழாது. அதன்மேல் துண்டுகள், எல்லாவற்றுக்கும் மேலே புடவையும் சன்ஸ்கிரீனும். சன்ஸ்கிரீன் எஸ்பிஎஃப் 30 இருந்தாலே போதும், 30க்கும் 50க்கும் தடுக்கும் அளவில் வித்தியாசம் மிகக் குறைவு. ஆனால் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறையும் கடலிலிருந்து வந்ததும் மறுபடி தடவுவதும் முக்கியம், பெரும்பாலானவர்கள் இதைத்தான் விட்டுவிடுகிறார்கள். கிழக்குக் கடற்கரை என்பதால் காலை வெயில் நேராக முகத்தில் அடிக்கும், பிள்ளைகளுக்கு முழுக்கைச் சட்டை போட்டுவிடுவது இன்னும் நிம்மதி.

தண்ணீரைக் கூடையில் வைக்காதீர்கள். ஆளுக்கு இரண்டு லிட்டர் என்றால் எங்கள் குடும்பத்துக்கே பத்து கிலோ, கைப்பிடி அதற்கானதல்ல. தனி கேனில் நான்தான் தூக்குவேன்.

சின்னச் சாமான்களில் இரண்டை மட்டும் விடவே மாட்டேன். ஒன்று பவுடர் டப்பா. காலில் ஒட்டிய மணலைத் துடைத்தால் தோல்தான் சிவக்கும், பவுடர் தூவினால் ஈரத்தை உறிஞ்சிக்கொண்டு மணல் உதிர்ந்துவிடும், காரில் ஏறும் முன் பிள்ளைகளுக்கு இது கட்டாயம். பிள்ளைகள் மூச்சில் போகாமல் காலோடு நிறுத்துங்கள். இன்னொன்று ரப்பர் செருப்பு. மணல்மேட்டில் இராவணன் மீசைப் புல் இருக்கும் இடங்களில் அதன் முள் வெறுங்காலில் ஊசியாக ஏறும்.

குடை எடுத்துப்போவதை விட்டுவிட்டேன். கோடையில் காலையில் மேற்கே இருந்து அனல் காற்று, மதியத்துக்கு மேல் கடற்காற்று, திசை மாறும்போது குடை பறக்கும், மணலில் சும்மா ஊன்றிய கம்பி நிற்காது, பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர்களுக்கும் ஆபத்து. பதினொரு மணிக்குள் குளித்துவிட்டுச் சவுக்குத் தோப்பு நிழலுக்குப் போய்விடுகிறோம். வெயில் தாழ்ந்ததும் மறுபடி இறங்குவோம்.

கூடை வாங்க நினைப்பவர்களுக்கு: பின்னுகிறவர்கள் உங்கள் ஊரிலேயே இருப்பார்கள், அவர்களிடமே சொல்லி வாங்குங்கள். அடிப்பாகம் அகலமாகவும் உயரம் குறைவாகவும் கேளுங்கள், மணலில் சாயாமல் நிற்கும். அடியில் கால்போல நான்கு குமிழ் வைக்கச் சொல்லுங்கள். கைப்பிடிக்கு ஒயரைச் சேர்த்து இரட்டிப்பாகப் போடச் சொல்லி அதற்கான கூலியைக் கூடவே கொடுத்துவிடுங்கள், நாள் முழுக்கக் குனிந்து செய்யும் வேலை அது, பேரம் பேச வேண்டாம்.