பாடசாலைக்கு வரும் பன்னவேலைப் பயிற்சி: எதற்காகக் கூப்பிடலாம், எதைக் கேட்டு வாங்கவேண்டும்

யாழ்ப்பாணத்து வலிகாமப் பாடசாலைகளுக்கு வந்து, பனையோலையில் பெட்டி, பாய் இழைக்கிற பன்னவேலையைப் பழக்குகிற சின்னக் குழு ஒன்றின் இரண்டு நாள் பயிற்சியைப் பற்றிய மதிப்பீடு இது. மூன்று பெண்கள் சேர்ந்து நடத்துகிறார்கள். குறைகளையும் எழுதுவதால் பெயர் போடவில்லை. இதே மாதிரியான பயிற்சியை வேறு யாரிடம் கேட்டாலும் கீழே உள்ளவை பெரும்பாலும் பொருந்தும்.

முடிவை முதலே சொல்லிவிடுகிறோம். தரம் 6க்கு மேற்பட்ட பிள்ளைகளுக்குத் தாராளமாகக் கூப்பிடலாம். ஆனால் அவர்கள் தருகிற இரண்டு நாள் காணாது.

இவர்களைக் கூப்பிடச் சொல்வதற்கு முதற் காரணம், வேலையை ஓலையிலிருந்தே தொடங்குகிறார்கள். பாடசாலைக்கு வருகிற கைப்பணிப் பயிற்சிகள் பலவற்றில், அளவாக வார்ந்து, அதாவது நீளவாக்கில் ஒரே அகலத்துக்குக் கீறி, சாயமும் போட்ட ஓலையைப் பிள்ளையின் கையில் கொடுத்து இழைக்கச் சொல்லுவார்கள். ஒன்றரை மணித்தியாலத்தில் ஏதோ ஒரு பொருள் வந்துவிடும், படமும் எடுக்கலாம். ஆனால் பன்னவேலையில் பாதி வேலை ஓலையைப் பதப்படுத்துவதுதான். எந்த ஓலை, எவ்வளவு ஈரம், எந்த அகலம் என்பது தெரியாத பிள்ளை, பிறகு தன்பாட்டில் ஒரு தடுக்கு, அதாவது சின்னப் பாய், கூட இழைக்கமாட்டாது. இந்தக் குழு முதல் இரண்டு பாடவேளையை, அதாவது 80 நிமிடத்தையும், ஓலைக்கே ஒதுக்குகிறது. அதற்காகவே இவர்களைப் பாராட்டவேண்டும்.

அவர்கள் கொண்டுவருவது காய்ந்த குருத்தோலை. வடலியில், அதாவது இளம் பனையில், வெட்டின விரியாத குருத்தை விரித்து, சில நாள் வெயிலில் காயவைத்து, இரவில் பனி படவிட்டு எடுத்தால் வெளுத்து மெதுமையாக வரும். அந்த வேலையை வீட்டிலேயே முடித்துவிடுகிறார்கள். வகுப்பறையில் அது நடக்காது. விரிந்து முற்றின பச்சைச் சார்வோலை ஒன்றையும் பக்கத்தில் வைத்து, கடகம் என்கிற பெரிய கூடைக்கும் பாய்க்கும் அது, மெல்லிய வேலைக்குக் குருத்து என்று தொட்டுப் பார்க்கக் கொடுக்கிறார்கள். பனைக்கு வளரும் நுனி ஒன்றே ஒன்றுதான், ஒரே வடலியில் திரும்பத் திரும்பக் குருத்து வெட்டினால் மரம் குன்றிப்போகும் என்பதையும் அந்த இடத்திலேயே சொல்லிவிடுகிறார்கள்.

ஓர் ஓலையில் 60 முதல் 80 வரை மடிப்பு இருக்கும். ஒவ்வொரு மடிப்பிலும் நடுவே ஓடுகிற ஈர்க்கைக் கழித்தால் இரண்டு பாதி வரும். அதை 1 செ.மீ அகலத்துக்கு வாரவேண்டும். பழகினவர்கள் சத்தகத்தைப் பிடித்துக் கண் அளவிலேயே வார்ந்துவிடுவார்கள். பிள்ளைகளுக்கு அந்தக் கத்தியைக் கொடுக்கமுடியாது என்பதால், சின்ன மரத்துண்டில் 1 செ.மீ இடைவெளி விட்டு இரண்டு தடித்த ஊசி அடித்த வாரும் பலகை ஒன்றைப் பாவிக்கிறார்கள். ஓலையை ஊசிகளின்மேல் அழுத்தி ஒரே இழுவையாக இழுத்தால், நடுவில் ஒரே அகலத்தில் ஒரு வார் கழன்று வரும். நிறுத்தி நிறுத்தி இழுத்தால் ஓரம் பிசிரும். பிசிர் உள்ள வார் இழைக்கும்போது அடுத்த வாரில் கொளுவிக் கிழியும். சின்ன ஏற்பாடுதான், ஆனால் வகுப்பறைக்கு இதைவிடப் பொருத்தமான ஒன்றை நாங்கள் கண்டதில்லை.

அடுத்தது ஈரம். புதிதாகப் பழக்க வருகிறவர்கள் எல்லோரும் சறுக்குகிற இடம் இது. காய்ந்த வார் மடிக்கும்போது வெடிக்கும் என்று பயந்து, வாளித் தண்ணியில் ஊறப்போடுவார்கள். ஊறின ஓலை உப்பும். இழைக்கும்போது நெருக்கமாகத்தான் தெரியும். காய்ந்ததும் சுருங்கி, வாருக்கு வார் இடைவெளி விழுந்துவிடும். நனைத்துப் பிழிந்த துணியில் அரை மணித்தியாலம் சுற்றி வைத்தால் போதும். விரலில் சுற்றிப் பார்த்தால் வெடிக்கக்கூடாது, தொட்டால் கையில் தண்ணி ஒட்டவும் கூடாது. இந்தக் குழு அதைச் சரியாகச் செய்கிறது. ஆனால் தென்மேற்கிலிருந்து வருகிற சோளகக் காற்று அடிக்கிற நாட்களில் திறந்த மண்டபத்தில் வகுப்பு வைத்தால், அரை மணித்தியாலத்திலேயே ஓலை திரும்பக் காய்ந்துவிடும். மேசைக்கு ஓர் ஈரத்துணி வேண்டும். அவர்கள் கொண்டுவருவது முழு வகுப்புக்கும் இரண்டே இரண்டு.

இழைக்கிற பொருளாக அவர்கள் தெரிவு செய்திருப்பது சதுரமான அடியுள்ள சின்னப் பெட்டி. ஒரு பிள்ளைக்கு 40 செ.மீ நீளத்தில் 16 வார்; உடைவுக்கும் சேர்த்து 20 எண்ணிக் கொடுக்கிறார்கள். நெடுக்கே 8, குறுக்கே 8 வைத்து, ஒன்று விட்டு ஒன்று மேலும் கீழுமாகக் கோத்தால் 8 செ.மீ சதுரம் வரும். ஓலை நுனிப்பக்கம் ஒடுங்கிப் போவதால், ஒரு வாரின் அடிப்பக்கம் வருகிற இடத்தில் அடுத்த வாரின் நுனிப்பக்கம் வரவேண்டும். இதைக் கவனிக்காமல் எல்லா நுனியையும் ஒரே பக்கம் விட்டால் சதுரம் விசிறியாகச் சரிந்துவிடும், பிறகு எவ்வளவு நெருக்கினாலும் நேராகாது.

பிள்ளைகள் வாரின் நுனியைப் பிடித்து இழுத்துத்தான் இறுக்கப் பார்ப்பார்கள். இழுத்தால் ஒரு பக்கம் இறுகி மற்றப் பக்கம் தளரும். "இழுக்காதேங்கோ பிள்ளை, விரலாலை தள்ளி நெருக்குங்கோ" என்று மேசை மேசையாகப் போய்ச் சொல்லிக்கொண்டே இருக்கிறார் மூவரில் மூத்தவர். முன்னுக்கு நின்று செய்து காட்டினால் பிள்ளைக்கு வலது இடதாகத் தெரியும் என்பதால், பிள்ளையின் பக்கத்துக் கதிரையில் இருந்து, ஒரே திசையைப் பார்த்தபடி தன்னுடைய பெட்டியை இழைத்துக் காட்டுகிறார். கைவேலை தெரிந்தவர்களுக்கு எங்கள் பக்கத்தில் பஞ்சமில்லை. 1978இல் தொடங்கிய பனை அபிவிருத்திச் சபையின் பயிற்சிகளில் பழகினவர்களும் ஊரில் இருக்கிறார்கள். பிள்ளையின் கையைப் பார்த்துப் பிழை எங்கே என்று பிடிக்கத் தெரிந்தவர்கள்தான் அரிது. இவருக்கு அது தெரியும்.

மூலை எடுப்பதுதான் முழுப் பயிற்சியிலும் கடினமான இடம். பெட்டியின் மூலை, இழைத்த சதுரத்தின் மூலையில் வராது. ஒவ்வொரு பக்கத்தின் நடுவிலும்தான் வரும். நாலாவது வாரையும் ஐந்தாவது வாரையும் ஒன்றின்மேல் ஒன்றாகக் குறுக்கே சாய்த்தால் அந்த இடம் எழும்பி நிற்கும். நாலு பக்கமும் அப்படி எடுத்தபிறகு, முதற் சதுரத்தின் பாதிப் பரப்பளவுள்ள சின்னச் சதுரம்தான் அடியாக மிஞ்சும். வார்களின் எண்ணிக்கை இரட்டைப்படையாக இருக்கவேண்டியது இதனால்தான். ஒற்றைப்படையில் வைத்தால் இரண்டாகப் பிரிக்க நடு கிடைக்காது, பெட்டி சரியும். மூலையில் கீழே போகவேண்டிய வார் மேலே போனால், அடுத்தடுத்து இரண்டு மேல் விழுந்து அந்த இடத்தில் ஓட்டை தெரியும். உடனே கவனித்தால் இரண்டு வாரைக் கழற்றித் திருத்தலாம். மூன்று சுற்று ஏறினபிறகு கண்டால் எல்லாவற்றையும் பிரிக்கவேண்டும், பிரித்த குருத்தோலை மடிப்பு விழுந்து பலங்கெட்டுப் போயிருக்கும். எடுத்த மூலையை உடுப்புக் காயப்போடுகிற கிளிப்பால் பிடித்துவிட்டு அடுத்த மூலைக்குப் போகப் பழக்குகிறார்கள். ஒரு பிள்ளைக்கு நாலு கிளிப் வேண்டும். அதைப் பாடசாலையே சேர்த்து வைத்தால் நல்லது.

இங்கேதான் நேரம் முடிந்துவிடுகிறது. சுவர் 7, 8 செ.மீ உயர்ந்ததும் விளிம்பு கட்டவேண்டும்: ஒவ்வொரு வாரையும் மடக்கி, கீழே மூன்று இழை தள்ளி உள்ளே செருகவேண்டும். சத்தகத்தின் கூரான பின்பக்கத்தால் இழையை நெம்பி வழிவிட்டு, வாரின் நுனியைச் சாய்வாக வெட்டிச் செருகினால் வழுக்கிக்கொண்டு போகும். செருகாமல் மிச்சத்தை முதலே வெட்டிவிட்டால், காய்ந்ததும் நுனி துருத்திக்கொண்டு வெளியே வரும். 35 பிள்ளைகளுக்கு இதைப் பழக்க இன்னும் 80 நிமிடமாவது வேண்டும். இந்தப் பயிற்சியில் அது இல்லை. இரண்டாம் நாள் கடைசியில் பெட்டிகளை வாங்கி, மூன்று பேருமாக விறுவிறென்று விளிம்பு கட்டித் திருப்பிக் கொடுத்துவிடுகிறார்கள். கண்காட்சி மேசையில் பார்க்க வடிவாக இருக்கும். பிள்ளைக்கோ விளிம்பு கட்டத் தெரியாது. அடுத்த பெட்டியைத் தொடங்கினால் முடிக்கவும் மாட்டாது. எங்களுடைய பெரிய குறை இதுதான். அதிபர்மாரும் ஒரே மூச்சில் கண்காட்சி வரை போகவேண்டும் என்று கேட்பதை விடவேண்டும். இரட்டைப் பாடவேளைகள் நாலு, வாரத்துக்கு ஒன்றாக: ஓலை, அடி, மூலையும் சுவரும், விளிம்பு. கேட்டால் அப்படியும் வருகிறார்கள். போக்குவரத்துச் செலவு மட்டும் கூடும். இடைப்பட்ட வாரத்தில் அரைகுறைப் பெட்டியைப் பொலித்தீன் பையில் கட்டி வைக்கக்கூடாது, பூஞ்சணம் பிடிக்கும். கிளிப்போடு காற்றுப்பட விட்டு, தொடங்குவதற்கு முதல் ஈரத்துணியில் சுற்றினால் சரி.

தரம் 3 முதல் 5 வரையான பிள்ளைகளுக்குக் கிலுகிலுப்பை பழக்குகிறார்கள். வயதுக்கு ஏற்றது, ஒரே இருப்பில் முடியும். உள்ளே புளியங்கொட்டை போடுகிறார்கள். வேறு இடங்களில் அழகுக்காகக் குன்றிமணி போடுவதுண்டு. அந்த விதை கடும் நஞ்சு, அதன் மேல்தோடு உடைந்து வயிற்றுக்குள் போனால் உயிராபத்து. சின்னப் பிள்ளைகள் இருக்கிற இடத்துக்கு அது வரவே கூடாது.

சாயம் போடுவதை வகுப்பில் செய்வதில்லை. கொதிதண்ணி வேலை என்பதால் அது சரி. சாயம் போட்ட ஓலையில் பிட்டு அவிக்கிற நீத்துப்பெட்டி மாதிரி அவியலுக்குப் பாவிக்கிற பொருள் எதுவும் செய்யக்கூடாது என்று அவர்கள் சொல்லுவதில்லை, சொல்லவேண்டும்.

அச்சடித்துக் கொடுக்கிற தாளால் பெரிய பிரயோசனம் இல்லை. மூலை எடுக்கும் படத்தில் எந்த வார் மேலே, எது கீழே என்றே தெரியவில்லை. அதற்குப் பதிலாக, அடி மட்டும் இழைத்தது, மூலை எடுத்தது, சுவர் ஏற்றினது, பாதி விளிம்பு கட்டினது என்று நாலு மாதிரியைப் பாடசாலையில் விட்டுப்போகச் சொல்லிக் கேளுங்கள். சித்திர ஆசிரியரோ வேறொருவரோ முழு நேரமும் கூட இருந்து, தானும் ஒரு பெட்டி இழைத்து முடிக்கவேண்டும் என்பதையும் ஒழுங்குபண்ணும்போதே பேசிவிடுங்கள். பழக்குகிறவர்கள் மூன்று பேர் என்றபடியால் 35 பிள்ளைக்கு மேல் ஒரு வகுப்பில் சேர்க்கவேண்டாம்.

காலம் முக்கியம். ஆண்டிறுதிச் சோதனை முடிந்து பிள்ளைகள் சும்மா இருக்கிற நாளாகப் பார்த்து இந்தப் பயிற்சிகளை வைப்பது பாடசாலைகளில் வழக்கம். அது பெரும்பாலும் மாரியில் விழும். ஓலை ஒழுங்காகக் காயாது, கறுக்கும். மாசி, பங்குனியில் வைத்தால் ஓலையும் நன்றாக இருக்கும், செலவும் குறையும். குருத்து வெட்டிக் காயவைக்க நாள் எடுக்கும் என்பதால், பிள்ளைகளின் எண்ணிக்கையை இரண்டு கிழமைக்கு முதலே சொல்லிவிடுங்கள். பொருட்செலவை ஆளுக்கு இவ்வளவு என்று கணக்கிடுகிறார்கள். 20 வாரும் சாயமில்லாத ஓலையும் என்று கேட்டால் தொகை குறையும், முதல் பெட்டிக்கு அதுவே போதும்.