நோட் சர்வரில் மாடல் ஓட்ட எதை எடுக்கலாம்?

நோட்.ஜேஎஸ் (ஜாவாஸ்கிரிப்ட்) சர்வருக்குள்ளேயே ஒரு மெஷின் லேர்னிங் மாடலை ஓட்ட வேண்டுமா? டென்சர்ஃப்ளோ.ஜேஎஸ், ஆனிக்ஸ் ரன்டைம், டிரான்ஸ்ஃபார்மர்ஸ்.ஜேஎஸ் என மூன்று வழிகள் உண்டு. இல்லையென்றால் வேலையைத் தனி பைத்தான் சர்வீஸிடம் கொடுத்துவிடலாம்.

டென்சர்ஃப்ளோ.ஜேஎஸ், உங்கள் மாடல் ஏற்கெனவே டென்சர்ஃப்ளோ வடிவில் இருந்தால் சரி. டென்சர்களை (மாடல் கையாளும் எண் அடுக்குகளை) நாமே விடுவிக்க வேண்டும் என்பதை மறந்தால் மெமரி ஏறிக்கொண்டே போகும். புதிதாகத் தொடங்குபவர்களுக்கு நான் இதைச் சொல்ல மாட்டேன்.

உண்மையான போட்டி மற்ற இரண்டுக்கும்தான். அதிலும் ஒரு வேடிக்கை: நோட்டில் டிரான்ஸ்ஃபார்மர்ஸ்.ஜேஎஸ்ஸின் அடியில் ஓடுவதே ஆனிக்ஸ் ரன்டைம்தான். ஆகவே வேகத்தை வைத்து இரண்டையும் பிரிக்க முடியாது. ஆனிக்ஸை நேரடியாக எடுத்தால் டோக்கனைசர் வேலை (வாக்கியத்தைத் துண்டுகளாக்கி எண்களாக மாற்றுவது) முழுக்க நம் தலையில். பெர்ட் வகை மொழி மாடல்கள் பொதுவாக 64 பிட் முழு எண்களைக் கேட்கும்; வகையைக் குறிப்பிடாமல் சாதாரண எண் அரே கொடுத்தால் ஏற்காது, int64 என்று குறிப்பிட வேண்டும் அல்லது பிக்இன்ட்64அரே தர வேண்டும். டிரான்ஸ்ஃபார்மர்ஸ்.ஜேஎஸ்ஸில் பைப்லைன் ஒன்றை உருவாக்கி வாக்கியத்தைக் கொடுத்தால் போதும். மினிஎல்எம் எல்6 எம்பெடிங் மாடல் (வாக்கியத்தின் பொருளை எண்களாக்குவது), பூலிங்கை mean என்று வைத்தால், 384 எண்கள் கொண்ட வெக்டரைத் திருப்பித் தரும். ஆனால் முதல் அழைப்பில் மாடலை இணையத்திலிருந்து இறக்கும். கன்டெய்னர் புதிதாக எழும் ஒவ்வொரு முறையும் இது நடக்காமலிருக்க, மாடல் கோப்பைக் கன்டெய்னர் இமேஜுக்குள்ளேயே வைத்துவிடுங்கள். அல்பைன் லினக்ஸ் இமேஜ் வேண்டாம். ஆனிக்ஸின் தயார் பைனரிக்கு ஜிலிப்சி (glibc) என்ற சி நூலகம் தேவை, அல்பைனில் அது இல்லை.

எதை எடுத்தாலும் ஈவென்ட் லூப்பை, அதாவது நோட் எல்லாக் கோரிக்கைகளையும் ஒரே த்ரெட்டில் கையாளும் சுழற்சியை, கவனியுங்கள். அவெயிட் போட்டுவிட்டோமே என்று நம்பி, நீளமான ஆவணங்களை மொத்தமாக அனுப்பினேன். கணக்கு மெயின் த்ரெட்டிலேயே ஓடியது. சர்வர் உயிரோடு இருக்கிறதா என்று பார்க்கும் ஹெல்த் செக்குக்குக்கூடப் பதில் போகவில்லை, கன்டெய்னர்களை நிர்வகிக்கும் ஆர்கெஸ்ட்ரேட்டர் சர்வர் ஓடிய கன்டெய்னரைக் கொன்றுவிட்டது. அப்புறம் கணக்கைத் தனியாக ஓடும் வொர்க்கர் த்ரெட்டுக்கு மாற்றினேன். ஒவ்வொரு வொர்க்கரும் மாடலின் தனிப் பிரதியை ஏற்றும், மெமரி அந்த அளவுக்குக் கூடும். ஒரே சிபியுவுக்கு அவை அடித்துக்கொள்ளாமல் இருக்க, ஒவ்வொன்றின் உள் த்ரெட் எண்ணிக்கையையும் குறைக்க வேண்டும்.

ஜிபியு இருந்து, பல பயனர்களின் கோரிக்கைகளை ஒன்றாகத் திரட்டி ஓட்ட வேண்டிய நிலை வந்தால் பைத்தான் சர்வீஸ்தான் சரி. ஒரு நெட்வொர்க் தாவல் கூடுதலாக வரும், இன்னொரு டெப்ளாய்மென்ட்டையும் பார்த்துக்கொள்ள வேண்டும். சின்ன எம்பெடிங் மாடலுக்காக அந்தச் சுமையை ஏற்காதீர்கள், டிரான்ஸ்ஃபார்மர்ஸ்.ஜேஎஸ்ஸும் இரண்டு வொர்க்கர்களும் வைத்துத் தொடங்குங்கள்.